சோமனூர், ராத்திரி ஒண்ணு பத்து

பைக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறேன்.
நாலு மூலையிலும் மஞ்சள்.
அந்த மாப்பிள்ளையும் பொண்ணும் கோர்ட்டில் பிரிந்து
மூன்று வருசம் ஆகிறது.
பத்திரிகை இன்னும் வேலை செய்கிறது.
"செங்கோட்டுவேலுக்குக் குடுக்கோணுமுங்க,
இப்ப எங்கீங்க இருக்கறாரு?"
கடன் என்றால் கதவைச் சாத்தும் தெரு
கல்யாணம் என்றால் வாசல்வரை வந்து கைகாட்டும்.

பள்ளிபாளையம் கைகாட்டவில்லை.
லைன் வீட்டில் வேறு குடித்தனம்.
சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி மட்டும் அவனுடையது.
தறிப்பட்டறைக்காரர், முன்பணப் பாக்கி என்று
என் தொகையைவிடப் பெரிய தொகை சொன்னார்.
ஆள் கிடைத்தால் தனக்கும் ஒரு போன் அடிக்கச் சொன்னார்.

ரெஃபரன்ஸ் என்று அவன் எழுதிக் கொடுத்த இருவரில்
ஒருவர் செத்துப்போயிருந்தார்.
இன்னொருவர், தானும் செத்துவிட்டதாக
அவரே போனில் சொன்னார்.

நம்பரை மாற்றலாம், வண்டியை விற்கலாம்.
பிள்ளைக்கு டி.சி. வாங்காமல் ஊர் மாற முடியாது.
பள்ளிக்கூட ஆபீசில் அரைமணி நேரம்
நான் தாய்மாமன் ஆனேன்.
மூன்றாம் வகுப்பு, மிருதுளா.
வெள்ளகோவில்.

எண்ணெய் மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை.
சாந்தாமணி பத்திரிகைக்குக் கை நீட்டவில்லை.
"பைனான்ஸுங்களா?" என்றாள்.
ஆனாலும் சொம்பில் தண்ணி வந்தது.
ஆனாலும் சேரைத் துடைத்துப் போட்டாள்.
வட்டி, அபராதம், செக் திரும்பிய கட்டணம்
எல்லாம் சேர்த்து எண்பத்தாறாயிரத்து நானூறு என்றேன்.
கேட்டுக்கொண்டாள்.
பிறகு அவள் கேட்டாள்:
"ஆளைத் தேடிக் குடுக்கறதுக்கு
எவ்வளவுங்க வாங்குவீங்க?"

திருப்பூருக்கு ஷிப்டுக்குப் போறேன் என்று போனவன்.
ஏழு மாசம்.

டப்பாவிலிருந்து முந்நூறு ரூபாய் எடுத்து
இரண்டு தடவை எண்ணி வைத்தாள்.
வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன். பெட்ரோலுக்கு.

"அடையாளம் ஏதாச்சும்..."
"அவருக்குத் தறிச் சத்தம் இல்லாட்டித் தூக்கம் வராதுங்க.
இங்க இருந்த நாலு ராத்திரியும் உக்காந்தேதான் இருந்தாரு.
அங்கயும், கரண்டு போயி தறி நின்னா
பொசுக்குனு எந்திருச்சுக்குவாரு."

எங்கள் படிவத்தில் முப்பத்தெட்டுக் கட்டங்கள்.
ஆதார், பான், தாயின் பெயர், கேஸ் புத்தக எண்.
இதற்கு ஒரு கட்டம் இல்லை.

அதற்குப் பிறகு பகலில் கதவு தட்டுவதை விட்டேன்.
பல்லடம், மங்கலம், கருமத்தம்பட்டி,
தறி ஓடும் சந்துகளில் வண்டியை நிறுத்திவிட்டு
கரண்ட் போவதற்குக் காத்திருந்தேன்.
கொங்கு நாட்டிலேயே அதற்காகக் காத்திருந்தவன்
நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.
கொசுவுக்குக் கொடுத்தது போக மிச்சம் கொஞ்சம் ரத்தம்.
மேனேஜர் தினமும் கேட்டார், எங்கே ரிப்போர்ட் என்று.

ஒன்பதாவது ராத்திரி, சோமனூர், ஒண்ணு பத்து.
டடக் டடக் டடக் ட
அவ்வளவுதான்.
சாக்கடை ஓடுவது கேட்டது.
பட்டறைக்குள் ஒருவர் நூல் மூட்டைமேல் சாய்ந்து
அப்போதே குறட்டை விடத் தொடங்கியது கேட்டது.
எதிர் லைனில் ஒரு தாழ்ப்பாள்.

லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.
பைலில் இருக்கும் போட்டோவைவிட ஒரு சுற்று இளைத்திருந்தான்.
இடது புருவத்துத் தழும்பு அப்படியே.

என்னிடம் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது.
ஒரு நோட்டீஸ் இருந்தது.
செலவாகிப்போன முந்நூறு ரூபாய் இருந்தது.
எதை முதலில் எடுப்பது என்று நிற்கையில்
அவனே பக்கத்தில் வந்தான்,
அந்தச் சந்தில் என்னை நெடுநாளாய்த் தெரிந்தவன் போல.

"கரண்டு எப்பங்க வரும்?"

"வந்துருமுங்க" என்றேன்.
துணி துவைக்கும் கல்லில்
எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தான்.